ஆறு மணிக்கு மேல் என்ன நடந்தது

டிசம்பர் 1, ஞாயிறு

காலை ஏழுக்குள் துணி துவைத்தாகிவிட்டது. பத்து மணிக்கு நூலகம். போன வாரம் எடுத்த சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்துவிட்டு ஒரு நாவல் எடுத்தேன். அடுத்து பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடை. அங்கே நின்றபடியே முப்பது பக்கம் படித்தாலும் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு வடை, ஒரு டீ. மூன்று மணிக்கே நகர மண்டபத்துக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்து நாவலைப் பிரித்தேன்.

திருப்பூரில் பனியனைத் தவிர ஒன்றும் கிடையாது என்று சொல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறவர்கள். நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எந்த வாரமும் ஏதாவது ஒன்று இருக்கிறது.

இன்று ஐந்து மணிக்கு உள்ளூர்க் குழுவின் நாடகம். ஒரு கிராமத்தில் குடிநீர்த் தொட்டியைத் திறந்துவிடும் வேலை பார்க்கிற பெண். தேர்தலில் நிற்கும் இரண்டு பேரும், அவரவர் தெருவுக்கு மட்டும் தண்ணீர் விடச் சொல்லி அவளை மிரட்டுகிறார்கள். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியின் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். மூங்கில் சாரத்தைத்தான் தொட்டி என்று வைத்திருந்தார்கள். ஆனால் அவள் ஏற ஏற எனக்குத் தலை சுற்றியது.

5.35க்கு எழுந்தேன். டவுன் பஸ். 5.58க்கு, கம்பெனி வளாகத்துக்குள் இருக்கும் எங்கள் விடுதியின் பதிவேட்டில் கையெழுத்து. ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். ஞாயிறும் அப்படித்தான்.

அறையில் ரெஜினாவும் கோமளா அக்காவும் கதை கேட்டார்கள். சொன்னேன். விடிந்ததும் அவள் இறங்கி வருகிறாள், சாவியைத் தொட்டிக்குள் வீசிவிடுகிறாள், ஊரே சேர்ந்து பூட்டை உடைக்கிறது என்று முடிவையும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். செக்கிங் மேசையில் பன்னிரண்டு மணி நேரம். குழந்தைகள் சட்டை, மஞ்சள் நிறம். கண்ணை மூடினாலும் மஞ்சள்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

நூலகத்தில் வாசகர் வட்டம். நாலரை என்று போட்டிருந்தார்கள், ஐந்துக்குத் தொடங்கினார்கள். பேசுவதாக இருந்த நாலு பேரில் ஒருவர் பேசி முடித்தார். இரண்டாமவர் தண்ணீர் குடிக்கும்போது கிளம்பினேன்.

கேட்டில் வார்டன் தெய்வானை அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி.

"என்ன அம்மணி, இன்னைக்கு அங்க என்ன நடந்துது?"

"புத்தகம் பத்திப் பேசுனாங்கம்மா."

"அந்தத் தொட்டி மேல ஏறுன பொம்பள எறங்கீட்டாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ரெஜினாவிடம் சொன்னதில் பாதியைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். இந்த விடுதியில் ஒரு கதைகூட ரகசியமாகச் சொல்ல முடியாது. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம் என்று துருவுவதற்கு இது ஒரு வழி போலிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் அறையில் ஏழு பேர் கதை கேட்க வந்திருந்தார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பள்ளிக்கூட அரங்கில் திரைப்படச் சங்கம். ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம். ஒரு தாத்தா தன் நாயைத் தேடிப் பனியில் நடந்துகொண்டே இருக்கிறார். நல்ல படம். மிக நல்ல படம்.

அறையில் இன்று இருபது பேர். கட்டிலில் இடமில்லாமல் சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். நாய் கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றேன். எப்படி என்று கேட்டார்கள். அதையும் விளக்கமாகச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. முன்பாதியை ஒழுங்காகப் பார்த்தவருக்குப் பின்பாதியை ஊகிக்கத் தெரியும்.

டிசம்பர் 22, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

தையல் பிரிவில் ரெஜினாவுக்குப் பக்கத்து மெஷின்காரர் அந்தத் தொட்டி நாடகத்தைப் பார்த்திருக்கிறார். ரெஜினா பெருமையாகக் கதை சொல்லப்போய், அவர் சிரித்திருக்கிறார். "சாவியை வீசவே இல்லம்மா, யார் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார்.

இன்று இருபத்தைந்து பேர் இருக்கும்போது ரெஜினா கேட்டுவிட்டாள்.

"செண்பகம், நீ அந்த நாடகத்தக் கடைசி வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேன்."

"மாதா மேல சத்தியமா?"

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"நாய்ப் படம்?"

"பாதி."

"போன மாசம் அந்தப் பாட்டுக் கச்சேரி?"

"ரெண்டு பாட்டு."

எதையுமே முழுதாகப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக ஒன்றைக்கூட. ஒருத்தி "ச்சீ" என்றாள். நாய் கிடைத்ததற்காகப் போன வாரம் கைதட்டியவள்தான். ரெஜினாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கள முட்டாளாக்கிட்டியேடி! ஏன் பாதியில வந்த? யாரு ஒன்ன வரச் சொன்னா?"

"ஆறு மணிக்குக் கேட் பூட்டிருவாங்கல்ல? எந்த நிகழ்ச்சி இந்த ஊருல ஆறு மணிக்குள்ள முடியுது?"

கோமளா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். தர்மபுரிக்காரர். முப்பத்தொரு வயது. இங்கே வந்து ஆறு வருடம். "நான் இந்த ஊருல ஒரு தடவ கூடக் கடைத்தெருவுல லைட் எரிஞ்சு பாத்ததில்ல" என்றார். அரியலூர்ப் பெண் ஒருத்தி, பொருட்காட்சியில் ராட்டினம் ஏற வரிசையில் நின்று, முறை வருவதற்குள் திரும்பியதைச் சொன்னாள். ரெஜினா, மூன்று கிறிஸ்துமஸாக இரவுப் பூசை பார்க்கவில்லை என்றாள். அவளுக்கு ஊர் வேளாங்கண்ணிப் பக்கம்.

ஆளாளுக்குப் பேசினார்கள். என் மேலிருந்த கோபம் எந்த நிமிடத்தில் கேட்டின் மேல் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரவு ஒன்பதரை வரை வெளியே இருக்க அனுமதி வேண்டும், போகும் இடத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறோம், கூட்டாகவே போய்வருகிறோம். நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

தெய்வானை அம்மா இரண்டு முறை படித்தார். ஓர் ஒற்றுப்பிழையைப் பேனாவால் திருத்தினார். "மேல குடுத்தர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 25, புதன்

நேற்று ஏழு மணிக்கே ரெஜினா போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள். இன்று காலைப் பூசைக்குப் போய்விட்டுக் கேக் வாங்கி வந்தாள். பெரிய துண்டு எனக்கு.

டிசம்பர் 27, வெள்ளி

நிர்வாக மேலாளர் சென்னியப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"பாருங்கம்மா, உங்கள நாங்க அடைச்சு வெக்கறமுன்னு நெனைக்காதீங்க. பாதுகாப்புங்க. உங்க ஊட்டுல எங்கள நம்பித்தான அனுப்பியிருக்காங்க?"

"ஆமா சார்."

"டைனிங் ஹால்ல பெரிய டிவி ஒண்ணு மாட்டீர்றோம். வருசத்துக்கு ஒருக்கா அந்த நாடகக்காரங்களயே இங்க கூட்டியாந்து போடச் சொல்றோம். போதுமில்ல?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தன்மையாகப் பேசினார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அறையில் சொன்னதும் கோமளா அக்கா எழுந்து உட்கார்ந்தார். "டிவியா? நான் என்ன காய்ச்சல்காரியா, படுத்த எடத்துக்குக் கஞ்சி கொண்டாந்து குடுக்க? எனக்குக் காலு இருக்குது. நான் போயிப் பாக்கணும்."

டிசம்பர் 30, திங்கள்

டிவி வேண்டாம் என்று நானும் ரெஜினாவும் சொல்லிவிட்டு வந்தோம். சார் டீ வரவழைக்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

அப்பாவுக்குப் போன் போயிருக்கிறது.

ஜனவரி 2, வியாழன்

எனக்கு மட்டுமல்ல, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோர் வீட்டுக்கும் போன் போயிருக்கிறது. 'உங்க பொண்ணு ராத்திரி வெளிய சுத்தணும்னு கேக்கறா, நாங்க பொறுப்பில்ல' என்று சொன்னார்களாம். இருபத்திரண்டு பேர் பெயரை அடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு என்றால் வீடுதான்.

அப்பா இரண்டு வாக்கியம்தான் பேசினார். "நீ சம்பாதிக்கப் போனியா, கூத்துப் பாக்கப் போனியா? பொங்கலுக்கு வா, பேசிக்கிடுவோம்."

நாவலை நாலாவது நாளாக அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். கண் எரிகிறது. அந்த மஞ்சள் துணிதான் காரணம். வேறொன்றுமில்லை.

ஜனவரி 11, சனி

நாளைக் காலை கோவில்பட்டிக்குப் பஸ். பெட்டியில் எல்லாத் துணியையும் எடுத்து வைத்தேன். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வார விடுப்புக்கு எதற்கடி இவ்வளவு என்று ரெஜினா கேட்டாள். வெயிலில் போடத்தான் என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அப்பா பேசவில்லை. அம்மா நிறையப் பேசுகிறாள். வியாழக்கிழமை யாரோ வருகிறார்களாம்.

ஜனவரி 16, வியாழன்

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அத்தை. மாப்பிள்ளை விருதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்து நின்றேன்.

அந்த அத்தையின் மகள் திருப்பூரில்தான் வேலை பார்க்கிறாளாம். காபியைக் குடித்து முடித்துவிட்டு அவர் ஆரம்பித்தார். "கேள்விப்பட்டோம். ராத்திரியில வெளிய போகணும்னு ஆபீஸ்ல சண்ட போட்ட பொண்ணு இதுதானாமே?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர். வீட்டுக்கு வந்தவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

"ஆமா, எம் மகதான்" என்றார் அப்பா. "நாடகம் பாக்கணும்னு கேட்டா. களவாங்கவா போறேன்னா? எழுதிக் கையெழுத்துப் போட்டு, மொறப்படி கேட்டுருக்கா. அவகூட நாப்பது பிள்ளைக கேட்டுருக்கு. இதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

அவர்கள் கிளம்பிப்போனார்கள். அம்மா அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போய்ப் பீடி பற்ற வைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அப்படி என்னத்தா நாடகம் அது?"

சொன்னேன். அவள் சாவியைச் செருகிக்கொண்டு தொட்டி மேலே ஏறும் வரை சொன்னேன்.

"பெறவு?"

"தெரியலப்பா. அதுவரைக்குந்தான் பாத்தேன்."

அப்பா பீடியை அணைத்தார். "ஞாயித்துக்கெழம காலையில பஸ்ஸுக்கு எழுப்பிவிடுதேன்" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டேன். 5.40. கேட்டில் தெய்வானை அம்மா என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வரமாட்டயோன்னு நெனச்சனே சாமி" என்று பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். அப்பா பேசியதை மூன்று முறை சொல்ல வைத்தாள். ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பெயரை அடித்தவர்களில் ஆறு பேர் அங்கேயே மறுபடி எழுதினார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

இதுதான் நாள். நடந்தபடியே எழுதுகிறேன்.

சென்னியப்பன் சார் அறையில் நான், ரெஜினா, கோமளா அக்கா. சுவரோரமாகத் தெய்வானை அம்மா. சார் புதிதாக ஒரு காகிதத்தை நீட்டினார். வெளியே போக விரும்பும் ஒவ்வொருவரும் அப்பா அல்லது கணவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

எங்கள் அப்பா போட்டுவிடுவார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு நொடி வாங்கிக்கொள்ளத்தான் கை நீட்டினேன். கோமளா அக்கா முந்திக்கொண்டார்.

"சார், எங்கப்பா செத்துப் பத்து வருசமாச்சு. புருசன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது. எங்கம்மாவுக்கும் எம் பையனுக்கும் நான்தான் சோறு போடறேன். எனக்கு யாருகிட்டப் போயிக் கையெழுத்து வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு வேணா வேற மாதிரி..."

"எனக்கு வேற மாதிரி வேண்டாம் சார். இதுங்க எல்லாம் ஓட்டுப் போடுதுங்க. அவங்கவங்க கையெழுத்த அவங்கவங்க போடட்டும்."

"ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?" என்ற சார், தெய்வானை அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பன்னெண்டு வருசமா இருக்கறீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெய்வானை அம்மா எங்களுக்கு எதிராகப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அடுத்த மாசம் நம்மகிட்டத் துணி வாங்கற கம்பெனியோட ஆடிட்டு வருதுங்க. வர்றவங்க என்னையத் தனியா ஒக்கார வெச்சுக் கேப்பாங்க, புள்ளைங்க இஷ்டத்துக்கு வெளிய போய் வர்றாங்களான்னு. போன வருசம் நீங்க சொன்னபடி ஆமான்னு சொல்லிப்போட்டேன். இந்த வருசம் சொல்ல மாட்டனுங்க."

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒத்தையா உட வேண்டாமுன்னா நானே கூடப் போறனுங்க" என்றார் தெய்வானை அம்மா. "கேட்டுல ஒக்காந்து ஒக்காந்து எனக்கும் வயசாயிப்போச்சு."

ஜனவரி 24, வெள்ளி

அறிவிப்புப் பலகை: 'ஞாயிறு மட்டும் இரவு 9.30 வரை. போகும் இடத்தைப் பதிவேட்டில் எழுதவும். மூன்று மாதங்களுக்குச் சோதனை முறையில்.'

யார் கையெழுத்தும் தேவையில்லை. நான்கு முறை படித்தேன். ரெஜினா பலகைக்குக் கீழேயே குலவை போட்டாள். இரண்டாம் மாடிவரை பதில் குலவை கேட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

நூலகத்துக்குப் போனேன். பலகையில் ஒட்டியிருந்தார்கள்: பிப்ரவரி 9, மாலை 6.30, நகர மண்டபம், அந்தத் தொட்டி நாடகம் மறுபடியும்! எங்கள் விடுதியிலிருந்து வரப் பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். யாராவது அதன் முடிவைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

உணவு இடைவேளையில் எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை, எங்கள் அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழக்கமாக நான் எதிர்த்திசையில் விடுதிக்குத் திரும்புகிற நேரம் அது. தெய்வானை அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். பஸ்ஸில் பாதி நாங்கள்தான். கடைத்தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது கோமளா அக்கா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

அந்தக் குழுவுக்கு முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். நாங்கள் வரிசையாக நுழைந்ததும் இயக்குநர் மேடையை விட்டு ஓடிவந்தார். "எந்தக் காலேஜ்மா நீங்க?"

"பனியன் காலேஜ்!" என்றாள் ரெஜினா.

விளக்கு அணைந்தது. இரண்டு வேட்பாளர்களும் வந்து மிரட்டினார்கள். எங்கள் வரிசைகளிலிருந்து அவர்களுக்குத் தாராளமாகத் திட்டு விழுந்தது. அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். அந்த இடம் வந்ததும் என் கை தானாகப் பையைத் தேடியது. கால் நாற்காலியை விட்டு எழப் பார்த்தது. ரெஜினா இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருடி."

உட்கார்ந்தேன். அதற்கு மேல் நடந்த எல்லாமே எனக்குப் புதிது.

கீழே நின்று கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், ஏணியை எடுத்துவிடுகிறார்கள். விடிகிறது. ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு வருகிறார்கள். ஒருத்தி சாரத்தைப் பிடித்து ஏறி அவளுக்குக் கஞ்சி கொடுக்கிறாள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, மேலே இருக்கிற எல்லா வால்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறாள். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர். அந்தச் சத்தம் அரங்கின் நாலு பக்கமிருந்தும் வந்தது. வேட்பாளர்களின் பிரசார மேடை நனைகிறது. அவள் இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்து மிச்சக் கஞ்சியைக் குடிக்கிறாள். விளக்கு அணைகிறது.

கோமளா அக்கா என் காதில் சொன்னார்: "நீ சொன்ன முடிவு தண்டம்டி. இதான் முடிவு."

கைதட்டல் நிற்கவே இல்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே போன நடிகர்கள் மறுபடி வந்து கும்பிட வேண்டியதாயிற்று. பிறகு நாற்காலி போட்டு, பார்த்தவர்கள் பேசலாம் என்றார்கள். இப்படி ஒரு பகுதி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஏதாவது சொல்லலாம் என்று எழுவதற்குள் மைக் முதல் வரிசைக்குப் போய்விட்டது.

"நான் தெய்வானைங்க. இந்தப் புள்ளைங்க விடுதி வார்டன். எனக்கொரு சந்தேகமுங்க. அத்தன ஒசரத்துல ஒத்தையா ஒக்காந்திருந்தயே சாமி, உனக்குப் பயமா இல்லயா?"

அந்த நடிகை சிரித்தார். "இருந்துச்சுங்கம்மா. ஏறி முடிச்ச பின்னாடிதான் தெரிஞ்சுது, எறங்குனா இன்னும் பயமா இருக்கும்னு."

அதன்பிறகு யாரும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனவளுக்கு ஏன் பெயரே இல்லை என்று ரெஜினா இயக்குநரை மடக்கினாள். அவர் குறித்துக்கொண்டார். நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, நல்லாத்தான் பேசினேன் என்கிறார்கள். கடைசியில் மண்டபக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து, "எல்லாம் முடிஞ்சுது, கெளம்புங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஊரில் முதன்முறையாக, ஒரு நிகழ்ச்சி முடிந்ததனால் வெளியே வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் அப்பாவின் போன். வழக்கமாக அம்மாதான் பேசுவாள்.

"ஏத்தா, பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ப்பா. முழுசா."

"அந்தப் பிள்ள தொட்டியவிட்டு எறங்குச்சா இல்லையா?"

மொட்டை மாடிக்கு ஏறிப்போனேன். காய்ந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இருங்கப்பா, மொதல்லருந்து சொல்லுதேன். நேரம் இருக்கு."